பாப்பாவுக்கு, கேஸ் மாத்திரை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மல்கோவா இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது, மாப்பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பெட்டி அனுப்புகிறேன். மற்ற சேதி பிறகு.

போனில் பேச்சோடு பேச்சாக, "பொங்கலிலிருந்து கேஸ் மாத்திரை போட்டுட்டுத்தாம்பா இருக்கேன்" என்றாய். மேலே கேட்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அப்புறம் போனும் இல்லை.

நீ பெயர் சொன்ன கேப்சூலில் இருப்பது இரண்டு மருந்து. பேன்டோபிரசோல் 40 மில்லிகிராம், டோம்பெரிடோன் 30 மில்லிகிராம். முதலாவது இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும். இரண்டாவது அமிலத்தைத் தொடாது. இரைப்பையின் மேல்வாயை இறுக்கும், சாப்பிட்டதைச் சீக்கிரம் கீழே தள்ளும், குமட்டலை அடக்கும். எரிச்சலோடு வயிறு உப்பி, சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறவர்களுக்குச் சில நாள் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சரிதான். வெறும் எரிச்சலுக்கு முதலாவது மட்டும் போதும்.

அதையும் முறையாகப் போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் சாப்பிடு. சாப்பாடு உள்ளே போனால்தான் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையைத் தொடங்கும். வேலை செய்கிற பம்பைத்தான் இந்த மருந்து பிடித்து நிறுத்தும், ரத்தத்தில் அது நிற்பதும் சில மணி நேரம்தான். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக ஆபீஸ் போய் மத்தியானம் சாப்பிட்டால் மருந்து பெரும்பாலும் வீண். எரியும்போது மட்டும் ஒன்று போட்டால் உடனே கேட்காது, முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். அந்த நேரத்து எரிச்சலுக்கு ஆன்டாசிட் சிரப் இரண்டு டீஸ்பூன் குடி. கேப்சூலைப் பிரித்துக் கொட்டாதே, மெல்லாதே. உள்ளே இருப்பதற்கு மேல்பூச்சு உண்டு, அது போனால் அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

என் கவலை டோம்பெரிடோன். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-லேயே அதற்கு வரம்பு வைத்துவிட்டது. 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். காரணம் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து. உன் ஒரு கேப்சூலிலேயே அந்த 30 முழுசாக இருக்கிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, இரண்டும் இதோடு சேரவே கூடாது. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கு எழுதும் மருந்தில் பல நேரம் கிளாரித்ரோமைசின் இருக்கும். அப்போது வீட்டில் இருக்கிறதே என்று இந்தக் கேப்சூலைச் சேர்த்துப் போட்டுவிடாதே. நம் தெருவிலிருந்து முதலில் பெங்களூருக்கு வேலைக்குப் போன பெண் நீ. அட்டையில் சிவப்புக் கோடு எதற்குப் போட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? டாக்டர் சீட்டு இல்லாமல் எப்படி வாங்குகிறாய்?

இன்னொன்று. இதை அப்பா சொல்வதாக இல்லாமல் மருந்துக்கடைக்காரர் சொல்வதாக எடுத்துக்கொள் கண்ணு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால் டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது, ஆனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்க வைப்பது அதுதான். மற்ற நேரத்தில் ஏறினால் கருமுட்டை வெளிவருவது தடைப்படும், மாதவிலக்கு தள்ளிப்போகும். சிலருக்கு மார்பில் வலியும் கசிவும் வரும். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும்.

அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் எதையும் கேட்கவில்லை. அது நீயும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளும் விஷயம். ஆனால் எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடு. புரோலாக்டின் கூடுதலாக வந்து, மாத்திரை போடுவது டாக்டருக்குத் தெரியாவிட்டால் தலை ஸ்கேன் வரை போய்விடும். அவரைக் கேட்டு, மூன்று நாளாவது நிறுத்தியபின் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். டோம்பெரிடோனுக்குப் பதிலாக லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூலைக் கொடுத்தால் அதுவும் வேண்டாம். அதுவும் புரோலாக்டினை ஏற்றும், கை நடுக்கமும் கொண்டுவரும்.

இத்தனை மாதம் போட்ட பேன்டோபிரசோலை ஒரே நாளில் விட்டால் எரிச்சல் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். அதைப் பார்த்து மாத்திரை இல்லாமல் முடியாது என்று நினைத்துவிடாதே, கொஞ்ச நாளில் அடங்கும். டோம்பெரிடோன் இல்லாத தனி மாத்திரைக்கு மாறி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைப்பதை டாக்டரிடம் கேள். நீண்ட நாள் போட்டால் பி12-ம் மக்னீசியமும் குறையலாம். இரும்புச்சத்து மாத்திரையும் சரியாக உடம்பில் சேராமல் போகலாம். அதையும் பார்க்கச் சொல்.

ராத்திரி படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சாப்பிட்டு முடி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரை அடிக்குக் கட்டை வை. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மேலே தள்ளும். இடது பக்கம் படு. தட்டுவடை செட்டுக்குப் போடுகிற காரச் சட்னியும் ஏற்காட்டுக் காப்பித்தூளும் கேட்டிருந்தாய், இந்தத் தடவை அனுப்பவில்லை. மாம்பழத்தைப் பகலில் சாப்பிடு.

விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, எடை தானாகக் குறைந்தாலோ மாத்திரையை நம்பி இருக்காதே, எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டை விடாதே. மறுபடியும் சொல்கிறேன், விடாதே.

இந்த வாரமே டாக்டரைப் பார். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போ. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கிறாள், அவளுக்காவது போன் பண்ணு.

அப்பா