பிரேயஸ் ஏ.டி.எம். வரிசையும் கடன் ரேட்டிங்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரான்ஸின் கடன் ரேட்டிங் (வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குப் போடும் மதிப்பெண்) இறங்கியது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 செப்டம்பரில் ஃபிட்ச், அக்டோபரில் எஸ் அண்ட் பி என்று ரேட்டிங் நிறுவனங்கள் அடுத்தடுத்து அந்த நாட்டை ஏ பிளஸ்ஸுக்கு இறக்கிய விவரமெல்லாம் சரிதான். ஆனால் 2010இல் தொடங்கிய ஐரோப்பியக் கடன் நெருக்கடியை, வரவுக்கு மீறிச் செலவு செய்த நாடுகள் வாங்கிக்கொண்ட மதிப்பெண் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அது மனதை உறுத்தியது.

கிரீஸைப் பொறுத்தவரை அந்த வரியில் பாதி உண்மை உண்டு. 2009 அக்டோபரில் வந்த புது அரசு கணக்கைத் திறந்து பார்த்தபோது, பட்ஜெட் பற்றாக்குறை முன்பு சொன்னதைப் போல் இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மறைத்தது முந்தைய ஆட்சியாளர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனை வருடமும் அந்த நாட்டுக்கு ‘ஏ’ வரிசையில் மதிப்பெண் போட்டதும் இதே நிறுவனங்கள்தானே? 2009 டிசம்பர் கடைசியில்கூட மூடிஸ் என்ற ரேட்டிங் நிறுவனம் கொடுத்தது ஏ2. ஆறே மாதத்தில், 2010 ஜூனில், ஒரே அடியாக நான்கு படி இறக்கி ‘ஜங்க்’, அதாவது நம்பி முதலீடு செய்ய முடியாத குப்பைக் கடன் என்று சொல்லிவிட்டது.

சரி, அயர்லாந்து என்ன ஊதாரித்தனம் செய்தது? 2007இல் அதன் அரசுக் கடன் ஜி.டி.பி.யில் சுமார் 25 சதவீதம்தான். ரேட்டிங்கும் உச்சத்தில், டிரிபிள் ஏ. ரியல் எஸ்டேட்டில் பணத்தைக் கொட்டிய தனியார் வங்கிகள் தள்ளாடியபோது, 2008 செப்டம்பர் 29 இரவு, அவற்றின் கடன்களுக்கு அரசே பொறுப்பு என்று உத்தரவாதம் கொடுத்தார்கள். சுமார் 44,000 கோடி யூரோ! நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். வங்கிக்காரர்களின் நஷ்டம் ஊர்ச் சொத்தாகிவிட்டது. 2010இல் பற்றாக்குறை ஜி.டி.பி.யில் 32 சதவீதத்துக்குப் போனது. 2011 ஜூலையில் அயர்லாந்தும் ஜங்க். ஸ்பெயின்கூட 2007இல் பட்ஜெட்டில் உபரி காட்டிய நாடுதான்.

போர்ச்சுகல் கதை இன்னும் கொடுமை. 2011 ஜூன் 21இல் பதவியேற்ற அரசு, பத்து நாளைக்குள் மக்களின் கிறிஸ்துமஸ் போனஸில் குறைந்தபட்சக் கூலிக்கு மேற்பட்ட தொகையில் பாதியை வரியாக எடுப்போம் என்று அறிவித்தது. கடன் கொடுத்தவர்கள் கேட்டதையெல்லாம் செய்கிறோம் என்றது. ஜூலை 5ஆம் தேதி மூடிஸ் அதையும் நான்கு படி இறக்கி ஜங்க் ஆக்கியது. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதை. ஜங்க் ஆகிவிட்டால் பல ஃபண்டுகள் தங்கள் விதிப்படியே அந்த அரசின் கடன் பத்திரங்களை வைத்திருக்கக் கூடாது, விற்றாக வேண்டும். எல்லோரும் விற்றால் விலை சரியும், அரசு கட்ட வேண்டிய வட்டி ஏறும், பற்றாக்குறை பெருகும். அதைக் காட்டியே மறுபடி ரேட்டிங் இறங்கும்.

இதன் கடைசிக் கண்ணியை நான் நேரில் பார்த்தேன். கப்பலில் எஞ்சினியராக இருந்தவன் நான். 2015 ஜூலை முதல் வாரம் எங்கள் கப்பல் கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் நின்றது. வங்கிகளை மூடிவிட்டார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. இருபது யூரோ நோட்டு தீர்ந்துபோனதால் கைக்கு வந்தது 50தான். அட்டையே இல்லாத பென்ஷன்காரர்களுக்காக மட்டும் சில கிளைகளைத் திறந்து 120 யூரோ கொடுத்தார்கள். அந்த வாசல்களில் கிழவர்கள் வெயிலில் நின்றார்கள். வெளிநாட்டு அட்டைக்கு வரம்பு கிடையாது. என் இந்திய அட்டையைப் போட்டு 200 யூரோ எடுத்துக்கொண்டு திரும்பியபோது, பின்னால் நின்ற பெரியவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வரிசைக்கு ரேட்டிங் மட்டும் காரணமில்லை. கடன் கொடுத்தவர்களோடு கிரீஸ் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்ததும் காரணம். ஆனால் தொடர்பு இருக்கிறது. வங்கிகள் கடன் வாங்க ஜங்க் பத்திரத்தை நீட்டினால் ஐரோப்பிய மத்திய வங்கி அடமானமாக ஏற்காது. கிரீஸுக்குக் கொடுத்திருந்த விதிவிலக்கை 2015 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். அப்புறம் கிரேக்க வங்கிகள் ஐரோப்பிய மத்திய வங்கி அனுமதித்த அவசரக் கடனை நம்பியே ஓடின. ஜூன் 28 அன்று அதையும் கூட்ட மறுத்ததும் கதவை இழுத்து மூட வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். 2012 ஜூலையில் ஸ்பெயினின் பத்தாண்டுப் பத்திர வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 26ஆம் தேதி ஐரோப்பிய மத்திய வங்கியின் அப்போதைய தலைவர் மரியோ டிராகி லண்டனில், யூரோவைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்று பேசியதும் இறங்கத் தொடங்கியது. அந்தப் பேச்சால் ஸ்பெயினின் கடனில் ஒரு யூரோகூடக் குறையவில்லை. பின்னர் அறிவித்த, அரசுப் பத்திரங்களை வாங்கும் திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்க வேண்டி வரவுமில்லை. முன்னாலேயே இதைச் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் வேலை தப்பியிருக்கும்! 2013இல் ஸ்பெயினில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

பிரான்ஸைப் பற்றி இனியும் எழுதுவீர்கள். அந்தக் கட்டுரையாளர் இதைத் தொடர்வதாக இருந்தால், அயர்லாந்தின் அந்த செப்டம்பர் இரவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர்,
தூத்துக்குடி