ஆஃப்-ரோட் சூப்பர்சார்ஜர் கிட் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்: நடை வேகத்தில் எவ்வளவு இழுக்கும் என்று சொல்லுங்கள்

பாறை, மணல் என்று சாலையில்லாத இடத்தில் ஓடும் ஆஃப்-ரோட் வண்டிகளுக்கு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் கிட் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கும், அதைப் பொருத்தி, எஞ்சினின் கணினியை அதற்கேற்ப டியூன் செய்து தரும் பட்டறைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கிறது: கூடுதலாக இத்தனை குதிரைத்திறன். அந்த எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டேன். எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோமீட்டரில் வண்டியை ஏற்றி, பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் எஞ்சினை ஆறவிட்டு, சில நொடிகளில் எடுத்த எண் அது. தார்ச்சாலையில் சீறிப் போகும் காருக்கு அது போதும். எங்கள் வண்டியின் வேலை வேறு. மூடிய பானெட்டுக்குள், எதிர்க்காற்று கிடைக்காமல், நடை வேகத்தில், அரை மணி நேரம் விடாமல் மேட்டில் இழுக்க வேண்டும். அந்த நிலையில் உங்கள் கிட் எவ்வளவு தருகிறது என்று அளந்து வெளியிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சூப்பர்சார்ஜரே வீண் செலவு என்று பேசுபவர்களின் பக்கம் நான் இல்லை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 3000 மீட்டர் உயரம் ஏறினால் அது 70 அளவுக்கு இறங்கிவிடும். சாதாரண எஞ்சின் அங்கே பத்தில் மூன்று பங்கு காற்றை இழந்து திணறும். ஒன்றரை மடங்கு அழுத்தம் தரும் சூப்பர்சார்ஜர் அந்த 70-ஐ 105 ஆக்குகிறது. அதாவது, மலை உச்சியில் நிற்கும் எஞ்சினுக்குக் கடற்கரைக் காற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. கூடாரம், தண்ணீர், இரண்டாவது ஸ்பேர் சக்கரம் என்று பாரம் ஏற்றிய வண்டி உயர்ந்த கணவாயில் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆழமான மணலிலும் அப்படித்தான். வேகம் குறைந்த மறுகணம் சக்கரம் புதையும் இடத்தில், மிதித்ததும் கிடைக்கும் இழுவைக்கு ஈடே இல்லை. டர்போ போல வெளியேறும் புகையின் வேகத்துக்காகக் காத்திருக்காமல், கிராங்க் சுற்றும்போதே பெல்ட் வழியாகச் சுற்றி உடனே காற்றைத் தள்ளுவதால்தான் இந்தக் கருவி மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். வெளிக்காற்று 40 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒன்றரை மடங்கு, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தமான பூஸ்ட் சுமார் 7 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரும்படி அழுத்தினால், இழப்பே இல்லாத கருவியிலும் வெப்பம் 38 டிகிரி ஏறும். கருவியின் திறன் 60 சதவீதம் என்றால் ஏற்றம் 64 டிகிரி. வெளியே வரும் காற்று 104 டிகிரியில் இருக்கும். இது நாற்பதில் தொடங்கிய கணக்கு. நடை வேகத்தில், எஞ்சின் அறைக்குள் சுற்றிச் சுற்றி வரும் காற்றை உறிஞ்சினால் தொடக்கமே அறுபதாக இருக்கக்கூடும்.

இதற்குத்தான், அழுத்திய காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலர் என்பீர்கள். குறைந்த பூஸ்ட் தரும் சில கிட்களில் அதுவே கிடையாது. இருக்கும் கிட்களில் பெரும்பாலும் தண்ணீரால் குளிர்விக்கும் வகை. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. ஒரு சிறிய பம்ப் அந்தத் தண்ணீரை வண்டியின் மூக்கில் உள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற வைக்கிறது. சிறு சிறு ஓட்டங்களுக்கு அருமையான ஏற்பாடு. நீண்ட மேட்டில் என்ன ஆகிறது? சில நிமிடங்களில் அந்தத் தண்ணீர் முழுவதும் சூடாகிவிடுகிறது. ஆற வைக்க வேண்டிய சிறு ரேடியேட்டருக்கோ எதிர்க்காற்று இல்லை. அதற்கு முன்னால் இரும்பு பம்பர், பம்பரில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், வின்ச்சுக்கு மேல் லைட் வரிசை. அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் பின்னால் எஞ்சினின் ரேடியேட்டர். உங்கள் சிறு ரேடியேட்டர் கக்கும் சூட்டைத்தான் எஞ்சின் ரேடியேட்டர் உள்ளே இழுக்கிறது. முதலில் இன்டர்கூலர் தோற்கும், பிறகு எஞ்சினின் குளிர்விப்பே தடுமாறும்.

எஞ்சின் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஒரு நீண்ட ஏற்றத்தை லோ ரேஞ்சில், அதாவது மெதுவாகவும் வலுவாகவும் இழுக்கும் கியர் நிலையில், ஏறிப் பாருங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பம் முதலில் மெல்ல ஏறும். பிறகு நிற்காமல் ஏறும். கூடவே, தீப்பொறி எவ்வளவு முன்னதாக விழுகிறது என்று காட்டும் இக்னிஷன் டைமிங் எண் இறங்கிக்கொண்டே வரும். சூட்டில் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் சத்தத்தை நாக் சென்சார் பிடித்துச் சொல்ல, எஞ்சினைக் காப்பாற்ற ஈசியு எனும் எஞ்சின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. தாமதமான தீப்பொறியால் எரிசூடு எக்ஸாஸ்ட் பக்கம் போகிறது, பானெட்டுக்குள் மேலும் வெப்பம். இவ்வளவுக்கும் ஓட்டுபவர் அதே அளவுதான் மிதித்திருக்கிறார். பெட்டியில் அச்சிட்ட கூடுதல் குதிரைகளில் எத்தனை அந்த நிமிடம் உயிரோடு இருக்கின்றன என்பது வாங்கியவருக்குத் தெரியாது. அதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

ஜீப் ரேங்லர் ஜேஎல் வண்டியின் 3.6 லிட்டர் வி6 எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு, 11.3. பூஸ்ட்டுக்காகப் பிறந்த எஞ்சின் அல்ல அது. இப்படிப்பட்ட எஞ்சினில் நாக்கிங்குக்கும் நமக்கும் இடையே உள்ள இடைவெளி ஏற்கெனவே சிறியது. அதை வெப்பம் தின்றுவிட்டால் மிஞ்சுவது ஈசியுவின் தயவு மட்டுமே.

அடுத்தது, எந்த வகைக் கருவியை எந்த வண்டிக்கு விற்கிறீர்கள் என்பது. விசிறிபோல் சுழன்று காற்றை வீசித் தள்ளும் மையவிலக்கு வகையில் பூஸ்ட் ஏறத்தாழ சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப உயரும். 6000 ஆர்பிஎம்மில் 8 பிஎஸ்ஐ தருவது 3000-இல் சுமார் 2-தான் தரும். பாறை ஏறும் எஞ்சின் பெரும்பாலும் 1500-க்கும் 2500-க்கும் இடையில் உழைக்கிறது. அங்கே அந்தக் கருவி வெறும் பாரம். இரண்டு ரோட்டர்கள் சேர்ந்து சுழலும் ரூட்ஸ் வகையும் இரட்டைத் திருகு வகையும் கீழ்ச் சுழற்சியிலேயே காற்றை நிரப்பிவிடும். ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் தங்கள் காற்றூதிக்குக் காப்புரிமை வாங்கியபோது கார் என்ற ஒன்றே இல்லை. அந்தப் பழைய வடிவம் தனக்குள் காற்றை அழுத்துவதில்லை, தள்ளி மட்டுமே விடும். அதனால் சூடு அதிகம். இன்று வரும் முறுக்கிய நான்கு இதழ் ரோட்டர்கள் அந்தக் குறையை நிறையவே தணித்திருக்கின்றன. வாடிக்கையாளர் கடைக்கு வந்ததும் வண்டியை எங்கே ஓட்டுகிறார் என்று கேளுங்கள். மணல்மேட்டில் முழு வேகத்தில் பாய்பவருக்குச் சரியாக இருப்பது, பாறையில் அங்குலம் அங்குலமாக ஊர்பவருக்குச் சரிவராது.

ஊர்பவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பொருத்திய ரேங்லர் ரூபிகானில் எஞ்சின் விசையைப் பெருக்கும் விகிதங்கள் இவை: முதல் கியர் 4.71, லோ ரேஞ்சில் டிரான்ஸ்ஃபர் கேஸ் 4, ஆக்ஸில் 4.10. பெருக்கினால் 77.2 வரும். எஞ்சினின் சுழல் விசையில் (டார்க்) 100 நியூட்டன் மீட்டர் கூட்டினால் சக்கரப் பக்கம் 7700-க்கு மேல் கூடுகிறது. வழுக்கும் தரையில் டயர் சுழன்று அந்த விசையை வீணாக்கிவிடும். இரண்டு கல்லுக்கு நடுவே டயர் இறுகிக்கொண்டால் சுழல வழியில்லை. விசை முழுவதையும் ஆக்ஸில் தண்டும் யூ-ஜாயின்ட்டும் தாங்க வேண்டும். ராம் நிறுவனம் 2021 மாடலாக 702 குதிரைத்திறன் கொண்ட 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ் எஞ்சினோடு டிஆர்எக்ஸ் வண்டியைக் கொண்டுவந்தபோது, பின்னால் டானா 60 என்ற கனமான ஆக்ஸில் வைத்தது. காற்று வடிகட்டிப் பெட்டியை 29 லிட்டர் கொள்ளளவுக்குப் பெரிதாக்கியது. வண்டி செய்தவர்களே இவ்வளவு மாற்ற வேண்டியிருந்தபோது, நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது என்கிற தொனியில் நீங்கள் விற்பது முறையா?

இன்னொரு கசப்பான விஷயம். உங்களிடம் வருபவர்களில் பலருக்கு சூப்பர்சார்ஜரே தேவையில்லை. 32 அங்குல டயரை எடுத்துவிட்டு 37 போட்டிருப்பார்கள். 4.10 ஆக்ஸில் விகிதம் அந்த டயரில் 3.55 போல நடந்துகொள்ளும். வண்டி சோம்பிவிட்டது, எஞ்சின் போதவில்லை என்று வருவார்கள். அவர்களுக்குத் தேவை ஆக்ஸிலுக்கு 4.88 விகித கியர் செட். அது வேலையை எளிதாக முடிக்கும். வெப்பமும் கூடாது, பெட்ரோல் தரமும் உயர வேண்டாம். "முதலில் கியரை மாற்றுங்கள், பிறகும் போதவில்லை என்றால் வாருங்கள்" என்று சொல்லும் பட்டறையை நான் எங்கே கண்டாலும் நண்பர்களுக்குக் கைகாட்டுவேன். அந்த வார்த்தையால் ஒரு விற்பனை போகலாம். அந்த வாடிக்கையாளர் போக மாட்டார்.

பெட்ரோல் தரத்துக்கு வருகிறேன். கிட்டின் டியூன் 95 ஆக்டேனுக்கு (நாக்கிங்கைத் தாங்கும் தர எண்) என்று போட்டிருக்கிறீர்கள். ஊரை விட்டு வெகுதூரம் போகத்தான் இந்த வண்டிகளை வாங்குகிறோம். அங்கே கிடைப்பது 91, சில சமயம் ட்ரம்மில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாத பெட்ரோல். தரம் குறைந்த பெட்ரோலுக்கென்று ஒரு தனி மேப்பை, அதாவது எஞ்சின் அமைப்புகளின் தொகுப்பை, ஈசியுவில் ஏற்றித் தாருங்கள். ஓட்டுபவரே மாற்றிக்கொள்ளும்படி இருக்கட்டும். பூஸ்ட் குறைந்தால் பரவாயில்லை. பிஸ்டன் உடைந்தால் அங்கிருந்து திரும்ப வழியில்லை.

டாங்க் கால்வாசி இருக்கும்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து ஏறினால், பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். சாதாரண எஞ்சின் அப்போது இருமும், நின்றுவிடும், அவ்வளவுதான். பூஸ்ட் ஏறியிருக்கும் எஞ்சினில் அதே நொடி பெட்ரோல் குறைந்த கலவை எரிந்து பிஸ்டன் தலையை உருக்கிவிட முடியும். எரிபொருள் அழுத்தம் விழுந்ததும் த்ராட்டிலை மூடும் பாதுகாப்பு டியூனில் இருந்தால் இந்தச் சேதம் நேராது. இன்றைய எலக்ட்ரானிக் த்ராட்டிலில் இது பெரிய வித்தை அல்ல. எந்தக் கிட்டில் இது இருக்கிறது, எதில் இல்லை என்று விளம்பரங்களைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மிதியின் கூர்மையையும் டியூனில் கவனியுங்கள். கடையைச் சுற்றி ஓட்டிக் காட்டும்போது தொட்டதும் பாயும் வண்டி வாடிக்கையாளரை மயக்கும். ஒரு பாறையின் விளிம்பில் முன்சக்கரத்தை வைத்து, கால்விரலால் அரை அங்குலம் நகர்த்த முயலும்போது அதே பாய்ச்சல் ஆபத்து. லோ ரேஞ்ச் போட்டதும் மிதியின் பதில் மெதுவாகட்டும்.

கடைசியாக பெல்ட். சேற்றுத் தண்ணீரைக் கடந்து கரையேறிய வண்டியின் பானெட்டைத் திறந்து, சூப்பர்சார்ஜர் புல்லியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரக் கறுப்புத் தூள் ஒட்டும். பெல்ட்டின் வரிகளில் மணல் ஏறி, உட்பக்கம் பளபளப்பேறியிருக்கும். வழுக்கும் பெல்ட்டின் அடையாளம் அது. பூஸ்ட் குறையும், ஓட்டுபவர் டியூனில் கோளாறு என்று நினைப்பார். பல எஞ்சின்களில் தண்ணீர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அது அறுந்தால் வண்டி அங்கேயே படுத்துவிடும். சூப்பர்சார்ஜருக்குத் தனி பெல்ட் கொடுத்திருந்தால், அது அறுந்தாலும் சூப்பர்சார்ஜரைச் சுற்றிக் காற்றை விடும் பைபாஸ் வால்வு வழியாக மூச்சுவிட்டு எஞ்சின் மெல்ல வீடு சேர்த்துவிடும். தனி பெல்ட் கொடுக்க முடியாத இடத்தில் ஒரு ஸ்பேர் பெல்ட்டையாவது கிட் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கம்பெனி பெல்ட்டின் நீளம் இனி பொருந்தாது; தொலைதூரக் கடையில் கேட்டால் கிடைக்கவும் கிடைக்காது. பெல்ட் எண்ணையும், அது போகும் பாதையின் படத்தையும் ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டு பானெட்டின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். பட்டறைக்காரர்களே, பொருத்தி முடித்ததும் பெல்ட் மாற்றுவது எப்படி என்று வண்டிக்காரரைக் கொண்டே ஒருமுறை செய்ய வைத்து அனுப்புங்கள்.

நான் கேட்கும் சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வெயில் நாள், 40 டிகிரியை ஒட்டி. பம்பரும் வின்ச்சும் மாட்டிய, பாரம் ஏற்றிய வண்டி. பானெட் மூடியிருக்கட்டும், ஏசி ஓடட்டும். லோ ரேஞ்சில் அரை மணி நேர ஏற்றம். உள்ளே போகும் காற்றின் வெப்பம், எஞ்சின் தண்ணீரின் வெப்பம், டைமிங் எவ்வளவு பின்வாங்கியது என்ற மூன்றையும் நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஏற்றம் முடிந்த கையோடு, ஆறவிடாமல், டைனோவில் ஏற்றி 2000 ஆர்பிஎம்மில் டார்க் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணையும் உச்சக் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். முதலில் வெளியிடுபவரின் எண் சிறியதாகத் தெரியும் என்று பயப்பட வேண்டாம். இந்த வண்டிகளோடு வாழ்பவர்களுக்கு அந்தச் சிறிய எண்ணின் மதிப்பு தெரியும். முதல் ஆளாக நானே அந்தக் கிட்டை வாங்குவேன். சோதனைக்கு வண்டியும் ஓட்டுபவரும் வேண்டுமென்றால் கேளுங்கள், தருவதற்கு எங்களில் பலர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கல்லிலும் மணலிலும் வண்டி ஓட்டும் ஒருவர்