செக்அவுட் பக்கம் செய்யப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

ஷாப்பிங் ஆப்பில் பணம் கட்டி வாங்கி முடிக்கிற செக்அவுட் பக்கம் உன் டீமுக்கு வந்திருக்கிறது என்றாய். திரை ஆளை எப்படி இழுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று போனில் சொல்லி முடியாததை எழுதுகிறேன்.

திரை யாரிடமும் வாதாடி ஜெயிப்பதில்லை. ஒரு செயலைச் சுலபமாக்கி வைத்துவிட்டு, நேரம் பார்த்துக் கூப்பிடும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் பி.ஜே. ஃபாக் சொன்ன கணக்கு இதுதான்: விருப்பம், எளிமை, தூண்டல் மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் காரியம் நடக்கும். விருப்பத்தை உண்டாக்குவது கஷ்டம். அதனால் எல்லோரும் மற்ற இரண்டில்தான் கை வைக்கிறார்கள்.

தெரிந்த முகத்துக்கு இருக்கிற பலமே தனி. 2010 நவம்பர் 2, அமெரிக்க காங்கிரஸ் தேர்தலன்று ஃபேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு, ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் படங்களோடு தேர்தல் செய்தியைக் காட்டியது. சுமார் 6 லட்சம் பேருக்குப் படமில்லாமல் செய்தி மட்டும். இன்னொரு 6 லட்சம் பேருக்கு எதுவுமே இல்லை. பிறகு வாக்காளர் பதிவேடுகளோடு ஒத்துப் பார்த்தார்கள். வெறும் செய்தியைப் பார்த்தவர்களுக்கும் எதுவுமே பார்க்காதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. படங்களைப் பார்த்தவர்களில் 0.39 சதவீதம் கூடுதலாக ஓட்டு விழுந்திருந்தது. நேரடியாக மட்டும் 60,000 ஓட்டு என்று கணக்கிட்டார்கள். 'இப்போது 42 பேர் இதைப் பார்க்கிறார்கள்' என்று உங்கள் ஆப் காட்டினால் அங்கே தெரிந்த முகம் இல்லை, ஆனால் மற்றவர்கள் செய்வதைக் காட்டி நம்மை இழுக்கிற வழிதான் அதுவும். அந்த 42 சர்வரிலிருந்து வருகிறதா, கோடில் எழுதி வைத்ததா என்று முதலில் கேள்.

டைமரைச் சோதிப்பது இன்னும் சுலபம். '10 நிமிடத்தில் சலுகை முடியும்' என்றால் ஆப் டேட்டாவை அழித்துவிட்டுத் திரும்பத் திற. மறுபடி 10:00-லிருந்து ஓடினால் பொய். சந்தா சேர எத்தனை தட்டு, விலக எத்தனை தட்டு என்றும் எண்ணிப் பார். சேர 2, விலக 9 என்றால் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாங்குபவரை ஏமாற்றும் இப்படிப்பட்ட 13 வகைத் திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது அதில் ஒன்று. விமான டிக்கெட்டில் இன்சூரன்ஸ் வேண்டாம் என்பவரை 'நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்' என்று தட்ட வைப்பது இன்னொன்று. படித்தால் சிரிப்பு வரும், ஆனால் தட்டுகிறவருக்குக் கூசும். கூசட்டும் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்!

உனக்கு நிஜமான தலைவலி ஏ/பி டெஸ்டில், அதாவது ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை வேறு வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடுவதில் வரும். ஒரு வாரம் ஓட்டினால் ஏமாற்றுகிற வடிவம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். கிளிக் அன்றைக்கே எண்ணிக்கையில் ஏறிவிடும். ரீஃபண்டும் புகாரும் பில்லைப் பார்த்த பிறகுதான் வரும். அதனால் 5 சதவீதம் பேரைப் பழைய பக்கத்திலேயே 90 நாள் விட்டுவைக்கச் சொல். ரீஃபண்ட், சந்தா ரத்து, கஸ்டமர் கேர் அழைப்பு மூன்றையும் இரு பக்கமும் ஒப்பிடு. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியை யாரும் எடுக்கவில்லை என்பதை வைத்து 'கஸ்டமருக்குப் பிடித்திருக்கிறது' என்று மீட்டிங்கில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பெட்டியைக் காலியாக வைத்து, எத்தனை பேர் தாங்களே டிக் போடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்.

மேனேஜர் மறுத்தால் அந்த 13-ல் எது பொருந்துகிறதோ அதைக் குறிப்பிட்டு மெயிலில் எழுது. வாய்வார்த்தையாக விடாதே.

அன்புடன்,
அப்பா