அக்கா எடுத்த சீட்டு

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அக்காவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பதில் போட முடியவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாமல், ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 8-ஐத் தாண்டிவிட்டது. இருதயமும் சரியில்லாததால் மாற்றுச் சிறுநீரகம் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை. இருந்தது இரண்டு வழி: வாரம் 3 நாள் தஞ்சாவூர் போய், தடவைக்கு 4 மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது, இல்லையென்றால் வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே தினம் 3, 4 முறை திரவம் மாற்றுவது. "எது வேணும்மா?" என்றார் டாக்டர். "நீங்களே பாத்துச் செய்யுங்க சார்" என்றாள் அக்கா. நம் ஊரில் வேறு என்ன பதில் வரும்?

நீ புள்ளியியல் வாத்தியார், இது உனக்குப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் ரேச்சல் மார்ட்டன் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. 'எது முக்கியம்?' என்று நேராகக் கேட்காமல், ஆயுள், ஆஸ்பத்திரி நடை, வெளியூர் போகும் வசதி இவற்றைக் கூட்டிக் குறைத்து, இதுவா அதுவா என்று 105 நோயாளிகளை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால், ஆஸ்பத்திரி நடை குறைய 7 மாத ஆயுளையும், ஊர் போய்வர 15 மாதத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராம்!

சரி என்று நானும் காலண்டர் தாளைக் கிழித்து இரண்டு சீட்டு எழுதினேன். பஸ் ஏறினாலே அவளுக்கு வாந்தி, வீட்டு வைத்தியத்தைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன். தஞ்சாவூரை எடுத்தாள். பஸ் நேரத்தை இரண்டு மடங்காக்கி மறுபடி எழுதினேன். அப்போதும் அதே சீட்டு.

"கூடத்துல பெட்டி பெட்டியா மருந்துப் பை அடுக்கி வச்சா, பேத்தியைப் பொண்ணு பாக்க வர்றவங்க எங்கடா உக்காருவாங்க?"

இந்த வரி எந்த ஆய்வுத்தாளில் இருக்கும், சொல்லு. அப்புறம், பேத்தி கல்யாணம் முடிந்ததும் சீட்டு மாறினால் அதை எப்படி அளப்பாய்? இதற்குப் பதில் எழுது.

வியாழக்கிழமை இடது கையில் ஃபிஸ்டுலா ஆபரேஷன்; மெஷினுக்கு ரத்தம் எடுக்க வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைப்பார்களாம். அந்தக் கையில் இனி பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ கூடாதாம். நேற்றே வளையல்களையெல்லாம் வலது கைக்கு மாற்றிவிட்டாள்.

உன்,
சேகர்