கீழ் இழுப்பறையில் கிடந்த கடிதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்க நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு கடைசிக் காலத்தில் மகளுக்கு எழுதிய கடிதங்களைக் குடிகாரரின் உபதேசம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளியிருந்தார். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் 31 வருடம் ராத்திரி ரயிலில் கடிதம் பிரித்தவன் நான். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்தே அப்பா எழுதியதா, கடன்காரன் எழுதியதா என்று சொல்லிவிடுவோம் என்று பீற்றிக்கொண்ட கூட்டம் எங்களுடையது. சும்மா இருக்க முடியவில்லை.

1937இல் அவர் ஹாலிவுட்டுக்குப் போனது காசுக்காக. சினிமாவுக்கு எழுத எம்.ஜி.எம். படக் கம்பெனி வாரம் 1,000 டாலர் தந்தது. தலைக்கு மேல் கடன். மனைவி செல்டா வட கரோலினாவில் மனநல மருத்துவமனையில். அடுத்த வருடம் மகள் ஸ்காட்டிக்கு வாஸர் கல்லூரி ஃபீஸ். ஒன்றரை வருடத்தில் அந்த வேலையும் போயிற்று. மகள் நாட்டின் அந்தக் கோடியில், இவர் இந்தக் கோடியில். அதட்டினாலும் கொஞ்சினாலும் தபாலில்தானே?

படிப்பில் கவனமில்லை என்று திட்டியிருக்கிறார், வாஸ்தவம். ஆனால் 1940 ஆகஸ்டு கடிதத்தையும் பாருங்கள். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கிரேக்கத் தாழிக் கவிதையை நூறு தடவை படித்திருப்பேன், பத்தாவது தடவை வாக்கில்தான் புரிய ஆரம்பித்தது என்கிறார். உபதேசம் செய்கிறவர் இப்படி ஒத்துக்கொள்வாரா? அதே வருடம் மே மாதம் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸிடம், தன் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலை 25 சென்ட் மலிவுப் பதிப்பாகப் போட்டால் ஜனங்கள் மறக்காமல் இருப்பார்களா என்று கேட்கிறார். டிசம்பர் 21இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயது 44. பிறகு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே நாவலை லட்சம் பிரதிக்கும் மேல் அச்சடித்துச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றும் உண்டு. உறையைப் பிரித்துச் செக் இருக்கிறதா, சேதி உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு, வலது பக்கக் கீழ் இழுப்பறையில் போட்டுவிடுவேன் என்று ஸ்காட்டியே பின்னாளில் எழுதியிருக்கிறார். குப்பையில் போடவில்லை, அதனால்தான் புத்தகமாயிற்று.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்த என் மகளுக்கு வாரம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். அவள் கல்யாணத்துக்குப் பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், பாதி ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. கோபப்பட என்ன இருக்கிறது? மணியார்டரைத்தான் நான் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தேனே.

ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
ஸ்ரீரங்கம்