ஆரோவில்லில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஆரோவில்லுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பார்வையாளர் மையத்தின் செம்மண் கட்டடங்களை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூளையில் சுடாமல், மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த கல் என்று சொன்னதும், "நம்ம பழைய வீடு மாதிரியே குளுகுளுன்னு இருக்கு" என்றார். அங்கிருந்து, தங்க உருண்டை மாதிரி இருக்கும் தியான மண்டபமான மாத்ரி மந்திரைப் பார்க்கும் இடத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. ஆரோவில் தொடங்கிய 1968-இல் பொட்டலாகக் கிடந்த மேடு, இன்றைக்கு நல்ல நிழல், நடந்துவிடலாம் என்று நினைத்தேன். பாதி வழியில் அம்மாவுக்குத் தலை சுற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள் அக்கா. பச்சைப் புடவை, மேலே ஆண்கள் சட்டை, கையில் சருகு கூட்டும் துடைப்பம். நான் பதறிப்போய் போனைத் தேடிக்கொண்டிருக்க, நீங்கள் தோளில் இருந்த துண்டை விரித்து அம்மாவைப் படுக்க வைத்து, "சுகர் இருக்காம்மா?" என்று முதலில் கேட்டுவிட்டு, தூக்குச் சட்டியில் இருந்த நீராகாரத்தை, அது உங்கள் மதியச் சாப்பாடு, மூடியில் ஊற்றி மெல்ல மெல்லக் குடிக்க வைத்தீர்கள். அப்புறம் ஒரு வண்டியை மறித்து ஏற்றியும் விட்டீர்கள். பணம் நீட்டியபோது கையைத் தட்டிவிட்டீர்கள்.

அம்மா இப்போது நலம். உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று தினமும் திட்டுகிறார். உங்கள் துண்டும் எங்களோடு வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறோம் அக்கா, அடுத்த மாதம் கொண்டு வருகிறோம்.