தலை பின்னிவிட்ட அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளத்தைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. 2023 பிப்ரவரியில், மொசாம்பிக்கில் மபூட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் போவானேயில் என்ன நடந்தது என்பது நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உம்பெலூசி ஆறு எதுவரை ஏறியது என்று கேட்டால் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சேற்றுக் கோடே பதில் சொல்லும். வீட்டுச் சாமான் பாதி இன்னும் வெயிலில் காய்கிறது. நடுநடுவே எழுந்து போய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடைப்பந்து அணிப் பெண் பிள்ளைகள் ஆடிவிட்டார்கள். சனிக்கிழமை, தலைநகர் மபூட்டோவில், நாற்பது நிமிடமும் முழுதாக ஆடினார்கள். அதற்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஷூ கொடுத்த மற்ற கிளப் பிள்ளைகளுக்கு நன்றி. தங்கள் பள்ளியின் பழைய ஜெர்சிகளைத் துவைத்துத் தந்த ஆசிரியைக்கு நன்றி. அதில் எண்கள் உதிர்ந்திருந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்ட நடுவருக்கும் நன்றி. மட்டோலா சாலையில் எங்களை ஏற்றிக்கொண்டு ஒரு மெட்டிக்கல் காசுகூட வாங்காமல் இறக்கிவிட்ட ஷாப்பா மினிபஸ் ஓட்டுநருக்கும், கதவில் தொங்கியபடி எங்களோடு பாட்டுப் பாடி வந்த நடத்துநர் தம்பிக்கும் நன்றி. அரங்க வாசலில் தட்டைப்பயறு பாஜியாவை ரொட்டிக்குள் வைத்து விற்கும் அம்மா, பிள்ளைகளின் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசு கொடுக்கப் போன என்னைத் திட்டவும் செய்தார். அவருக்கும் நன்றி. துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை பார்க்கும் அப்பாக்கள் சம்பள நாளுக்குக் காத்திராமல் காசு திரட்டினார்கள். எதிரணி தேதியைத் தள்ளிப் போட்டுக் காத்திருந்தது. 'வராதவர்கள் தோற்றவர்கள்' என்று எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பாதவர்களும் உண்டு. பெயர் வேண்டாம். அன்றைக்கு அவர்களுக்கும் என்ன கஷ்டமோ.

இந்த நேரத்தில் பந்து விளையாட்டு ஒரு கேடா என்று சிலர் கேட்டார்கள். வெள்ள நிவாரண முகாமில் அரிசி வரிசையில் நிற்கும்போது என் காதுபடவே கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, களைப்பில் கேட்டார்கள். எனக்கும் பதில் இருந்தது, ஆனால் அங்கே சொல்லத் தோன்றவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பொழுதுபோக்கு மட்டும் இல்லை. மபூட்டோவின் ஃபெரோவியாரியு கிளப் எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். 1924-இல் ரயில்வேக்காரர்களின் கிளப்பாகப் பிறந்தது. இன்றும் அதன் பின்னால் இருப்பது துறைமுகத்தையும் ரயிலையும் நடத்தும் நிறுவனம்தான். தண்டவாளத்திலும் கப்பல் துறையிலும் உழைத்த ஜனங்களின் கிளப், 2018-இல் ஆப்பிரிக்கப் பெண்கள் கூடைப்பந்து கிளப் கோப்பையை மபூட்டோவிலேயே, நம் கண் முன்னாலேயே வென்றது. இறுதியில் அங்கோலாவின் இன்டர்கிளூப்பை வீழ்த்தினார்கள். அடுத்த ஆண்டு கெய்ரோவுக்குப் போய் அதே கோப்பையைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பல வருடங்கள் முன்பே டெஸ்போர்ட்டிவு என்ற இன்னொரு கிளப்பும் இந்தக் கோப்பையை மபூட்டோவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. 2013-இல் பெண்கள் தேசிய அணி ஆப்பிரிக்கப் போட்டியில் சொந்த மண்ணில் வெள்ளி வாங்கியதையும், அதனால் மறு வருடம் முதன்முறையாக உலகப் போட்டிக்குத் துருக்கி போனதையும் மறந்தவர் யார்? கிளாரிஸ் மஷாங்குவானா மபூட்டோவிலிருந்து அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. வரை போனார். லேயா டோங்கே ஸ்பெயினில் ஆடினார். ஆண்கள் கால்பந்தில் இந்த உயரத்தை நாம் தொட்டதில்லை. அதைச் சொன்னால் என் அண்ணனுக்குக் கோபம் வரும், வரட்டும்.

பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயிண்ட் கார்டுக்கு வயது 15. அவளுடைய கணக்கு நோட்டின் அட்டையில் ஃபெரோவியாரியுவின் பச்சை ஜெர்சிப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. நோட்டு வெள்ளத்தோடு போய்விட்டது. கணக்கு போனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளையிடம் போய், இந்த ஆட்டம் வேண்டாம், நிலைமை சரியாகட்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? நிலைமை எப்போது சரியாகும் என்று எனக்கே தெரியாதே.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலமே பிள்ளைகளை நகரத்துக்குக் கூட்டிவந்துவிட்டோம். ஷிபாமனினே சந்தைக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் படுக்க இடம் கிடைத்தது. ஷூ இருந்தது, ஜெர்சி இருந்தது, வயிற்றுக்கும் ஏதோ இருந்தது. எல்லாம் கூடிவந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ரீபவுண்டு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்கும் பெரிய பெண் கப்புலானாத் துணியைத் தலையில் இறுகச் சுற்றிக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். நாளைக்கு நான் ஆடவில்லை என்றாள். காய்ச்சலா என்றேன், இல்லை. பயமா என்றேன், முறைத்தாள். கடைசியில் துணியை அவிழ்த்துக் காட்டினாள். பழைய பின்னல் சேறும் சிக்குமாக ஒட்டிக் காய்ந்து கிடந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகத் துணியை அவிழ்த்தார்கள். எல்லாத் தலையும் அப்படித்தான் இருந்தது. மழித்துவிடலாம் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அழ ஆரம்பித்தாள். கேலரியில் ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், எங்கள் தலையைத்தான் பார்ப்பார்கள் என்றார்கள். அரிசி, எண்ணெய், போர்வை, குளோரின் என்று என்னென்னவோ பட்டியல் போட்டோம். இதை யாரும் எழுதவில்லை.

சந்தைக்கு ஓடினேன். கடைகளை அடைத்துக்கொண்டிருந்த நேரம். தலை பின்னுகிறவர்கள் உட்காரும் வரிசையில் ஓர் அக்கா மட்டும் அன்றைய காசை எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை தலை என்றார். பத்து என்றேன். எப்போதைக்குள் என்றார். விடிவதற்குள் என்றேன். "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். போவானே என்று நான் சொல்லவே இல்லை. என் செருப்பைப் பார்த்துப் புரிந்துகொண்டாரோ என்னவோ. காசை முடிந்து இடுப்பில் செருகியபடி, முற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வந்தபோது ஒரு கையில் முக்காலி, மறு கையில் சீப்பும் சவுரியும் போட்ட பை, தலையில் மஞ்சள் தண்ணீர் கேன். அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உம்பெலூசிக் கரையில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதால் நகரத்துக் குழாய்களும் வறண்டு போயிருந்ததும், அப்புறமும் தண்ணீர் விட்டுவிட்டு வந்ததும் உங்களுக்கே தெரியும். ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த எங்களுக்கும், குழாயில் ஒரு சொட்டு வராத அவர்களுக்கும் ஒரே ஆறுதான். அக்கா கொண்டுவந்தது அவர் வீட்டில் சமையலுக்கென்று பிடித்து வைத்திருந்த தண்ணீர். ஒரு தலைக்கு இரண்டு குவளை என்று அவரே கணக்குப் போட்டு, சோப்பைக் கொஞ்சமாகத் தடவி, வழிகிற தண்ணீரைக் கீழே பேசினில் பிடித்து, அதையே அடுத்த தலையின் முதல் அலசலுக்கு ஊற்றினார். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். "நீங்கள் எல்லாம் ஒரே அணிதானே, அழுக்கு மட்டும் தனித்தனியா?" என்றார்.

நேர்க்கோடு மட்டும்தான், பூ வேலை கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிட்டார். நெற்றியிலிருந்து பிடரி வரை மண்டையோடு ஒட்டிய வரிசைப் பின்னல். கண்ணில் விழாது, ஓடும்போது அவிழாது. ஆட்டக்காரிகளுக்கு இதுதான் சரி என்று அவருக்கு யார் சொன்னார்களோ. கூடைப்பந்து பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 2018-இல் ஃபெரோவியாரியு கோப்பை வென்ற அன்று ராத்திரி தெருவெல்லாம் கூட்டமாம், ஒரு ஷாப்பாவிலும் இடம் கிடைக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனாராம். "உங்கள் பந்து எனக்கு அன்றைக்கே கடன்பட்டது" என்று சொல்லிக்கொண்டே சிக்கை இழுத்தார். பிள்ளை கத்தினாள், மற்றவர்கள் சிரித்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் அப்போதுதான் கேட்டேன்.

பாதி ராத்திரியில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் தாங்களாகவே வந்து ஆளுக்கொரு தலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் நன்றி.

அக்கா யாரிடமும் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு இருக்கிறதா, என்னென்ன போயிற்று, முகாமில் என்ன தருகிறார்கள் என்று எதுவும் இல்லை. ஒவ்வொருத்தியும் முக்காலிக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்: "நீ களத்தில் எங்கே நிற்பாய்?" பெரியவள் தன் வேலையை விளக்கினாள். வளையத்துக்குக் கீழே நிற்பேன், மற்றவர்கள் போட்டுத் தவறுகிற பந்தைப் பிடிப்பேன் என்றாள். "அப்படியென்றால் வீட்டில் அம்மா செய்கிற வேலை" என்றார் அக்கா. பெரியவளுக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஆடமாட்டேன் என்ற பேச்சே இல்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நாள் கணக்காக இந்தப் பிள்ளைகளின் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, போர்வை எத்தனை. கேட்டவர்கள் மேல் குறை இல்லை, அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். எண்ணினால்தான் சோறு பங்கு போட முடியும். ஆனால் மறுநாள் காலை முற்றத்தில் வரிசையாக நின்று ஒருத்தி தலையை ஒருத்தி தடவிப் பார்த்துக்கொண்ட பத்துப் பேரும், முந்தைய நாள் வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளைகள் மாதிரியே இல்லை. அரங்கத்துக்குள் நடந்து போன தோரணையைப் பார்த்து, இவர்கள்தான் போவானே அணியா என்று எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். ஆமாம், இவர்கள்தான் என்றேன்.

கூலி பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாக்கள் திரட்டிய பணத்தில் மீதி இருந்ததை நீட்டினேன். சவுரிக்கு உண்டானதை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். சனிக்கிழமைதான் அவருக்கு வியாபாரம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் பின்னிக்கொள்ள வருவார்கள், ஆகவே வர முடியாது என்றார். "மூன்று வாரத்தில் பிரிக்க அனுப்பு. அதற்கு மேல் விட்டுச் சிக்குப் போட்டால் நான் பொறுப்பில்லை" என்று மிரட்டிவிட்டு, காலி கேனையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தூங்கியிருக்கவே மாட்டார்.

அதனால் அவருக்கு முடிவு தெரியாது. இங்கே எழுதிவிடுகிறேன், அவருடைய மகளிடம் போன் இருக்கிறது, வாசித்துக் காட்டட்டும். அக்கா, நாங்கள் தோற்றோம். பதினொரு புள்ளி வித்தியாசம். மூன்றாவது கால்பகுதி வரை ஒட்டிக்கொண்டேதான் இருந்தோம், அப்புறம் கால்கள் ஒத்துழைக்கவில்லை. முகாமில் அரைவயிறும் கால்வயிறுமாக இருந்த பிள்ளைகள், அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரியவள் விழுந்து புரண்டு ரீபவுண்டு எடுத்தாள். ஒரு பின்னல்கூட அவிழவில்லை. கேலரியில் இருந்த ஒரு பெண்மணி இறங்கி வந்து, இதை யார் பின்னியது, எங்கே உட்காருவார் என்று விசாரித்துக்கொண்டு போனார். உங்களுக்கு வாடிக்கை ஒன்று கூடியிருக்கும்.

கனிமாம்போ, அக்கா. நன்றி.

இனி ஒன்று செய்வதாக இருக்கிறேன், எல்லோர் முன்னிலையிலும் எழுதிவைத்தால் பின்வாங்க முடியாது என்பதற்காக இங்கே சொல்கிறேன். அடுத்த சீசனிலிருந்து அணியின் செலவுக் கணக்கில் பந்து, ஜெர்சி, வண்டிச் செலவோடு தலை பின்னும் கூலியும் ஒரு வரியாக இருக்கும். அந்த அக்காவுக்கே, முழுக் கூலி, பேரம் கிடையாது. தண்ணீரும் நாங்களே சுமந்து வருவோம். இது அவசியமா என்று கணக்குப் பார்க்கும் ஆண்கள் யாராவது கேட்டால், பெரியவளை அவர்களோடு பேச அனுப்புவேன்.

கடைசியாக ஷூ விஷயம். இரவல் வாங்கியது எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துப் பெயர் எழுதி மூட்டையாகக் கட்டியிருக்கிறோம். அடுத்த வாரம் நகரத்துக்கு வரும்போது அந்தந்த கிளப்பில் சேர்த்துவிடுவோம். 41 அளவில், பச்சைக் கயிறு போட்ட ஒரு ஜோடி மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. இப்போதைக்கு பெரியவள் பயிற்சிக்கு அதைத்தான் போடுகிறாள். உரியவர் கேட்டால் உடனே கொடுத்துவிடுவோம். ஆனால் கொஞ்சம் தாமதமாகவே கேளுங்கள்.